கப்பலில் உங்கள் போன் எந்த நாட்டில் இருக்கிறது?

சென்ற மாதம் புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பாடசாலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகப் போவதாகவும், அங்கிருந்து உல்லாசக் கப்பலில் ஏறி போர்ட் கிளாங், புக்கெட் என்று நான்கு இரவுகள் சுற்றிவரப் போவதாகவும் சொன்னார். "அப்படியானால் கடையை யார் பார்ப்பது?" என்று கேட்டேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "இது இருக்கிறதுதானே ஹாஜியார். ரோமிங் போட்டாயிற்று. கடையும் என்னோடுதான் கப்பலில் வருகிறது" என்றார்.

இதே வார்த்தைகளை 2018 ஆம் ஆண்டு நானும் சொன்னேன். அதற்கு நான் கொடுத்த விலையையும், அதிலிருந்து பிழையான பாடம் படித்து ஐந்து வருடங்களுக்குப் பின் கொடுத்த அதைவிடப் பெரிய விலையையும் அந்த நண்பரிடம் சொன்னேன். அவர் தேநீரை ஆறவிட்டுக் கேட்டார். இப்போது நம்மவர்கள் பலர் கப்பல் பயணம் போகிறார்கள். சிங்கப்பூர் வரை போக வேண்டியதும் இல்லை. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து 'எம்.வி. எம்பிரஸ்' என்ற கப்பல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நமது துறைமுகங்களுக்கே வந்து போனது. ஆகவே இந்த வாரம் அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் பயணம்: வீடு வந்த பில்

2018 இல் புறப்படும்போது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சேர்த்து ரோமிங் பெக்கேஜ் ஒன்று வாங்கியிருந்தேன். சிங்கப்பூரில் இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கப்பல் புறப்பட்ட அன்று இரவு கரை விளக்குகள் மறைந்த பின்னரும் போனில் சிக்னல் நிறைய இருந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். பேரப்பிள்ளைகளின் படங்களைக் கொழும்புக்கு அனுப்பினேன். இன்டர்நெட் ஆமை வேகத்தில் போனதால் பிறகு டேட்டாவை நிறுத்திவிட்டேன். ஆனால் கடையிலிருந்து வந்த அழைப்புகளை நிறுத்தவில்லை. "வாப்பா, இந்தச் சரக்குக்கு என்ன விலை போடுவது?" என்று மகன் கேட்பார், நான் சொல்வேன். கடற்காற்று வாங்கிக்கொண்டே வியாபாரம் நடத்துகிறேன் என்ற பெருமை வேறு.

அடுத்த மாதம் பில் வந்தது. ரூபா 94 ஆயிரத்துக்குச் சற்று மேல். கப்பலில் ஒருவருக்கான டிக்கெட்டை விட அது அதிகம். அதில் பாதிக்கு மேல் நான் எடுத்த அழைப்புகள் அல்ல, எனக்கு வந்த அழைப்புகள். ரோமிங்கில் இருப்பவர் தனக்கு வரும் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெக்கேஜ் வாங்கியிருக்கிறேனே என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை மிக மரியாதையாகச் சொன்னார்: "சேர், பெக்கேஜ் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும். நீங்கள் பேசியது கப்பலில்."

கடலுக்குத் தனி இலக்கம்

இதுதான் விசயம். நாடுகளின் கைத்தொலைபேசி வலையமைப்புகளுக்கு மூன்று இலக்கக் குறியீடுகள் உண்டு. இலங்கைக்கு 413, மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525. எந்த நாட்டுக்கும் சேராத சர்வதேச வலையமைப்புகளுக்கு 901. கப்பலில் உங்கள் போன் பிடிக்கும் வலையமைப்பு இந்த 901 இல் வரும். திரையில் 'செல்லியுலர் அட் சீ' என்றோ 'டெலினோர் மெரிடைம்' என்றோ ஒரு பெயர் வரலாம். சில போன்களில் 901 என்று தொடங்கும் இலக்கம் மட்டும் தெரியும். அதைக் கண்டால், நீங்கள் சிங்கப்பூரிலும் இல்லை, மலேசியாவிலும் இல்லை என்று அர்த்தம்.

கரையிலுள்ள கோபுரத்தின் சிக்னல் கடலுக்குள் வெகுதூரம் வராது. பழைய ஜீ.எஸ்.எம். முறையில் ஒரு கோபுரத்தின் எல்லை வழமையாக 35 கிலோமீற்றர்தான். அதற்கு அப்பால் கப்பலே தனக்கென்று ஒரு சிறிய கோபுரத்தை வைத்துக்கொள்கிறது. உங்கள் போன் அந்தக் கோபுரத்தோடு பேசும். கோபுரம் செய்மதியோடு பேசும். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36 ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதியானால், பேச்சு அவ்வளவு தூரம் ஏறி இறங்கித்தான் கொழும்புக்கு வர வேண்டும். நீங்கள் "ஹலோ" என்று சொல்லி மறுபக்கம் பதில் வர ஒரு கணம் தாமதிப்பது அதனால்தான். இந்த வசதிக்கான செலவு உங்கள் பில்லில் ஏறுகிறது. துறைமுகத்தை நெருங்கும்போது கப்பலின் கோபுரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது போன் மீண்டும் கரையின் சிக்னலைப் பிடிக்கும். இந்த மாற்றம் எல்லாம் தானாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 ஆம் திகதி முதல் தன் நாடுகளுக்கிடையே ரோமிங் மேலதிகக் கட்டணத்தை எடுத்துவிட்டது. ஆனால் அந்தச் சலுகை கப்பலின் செய்மதி வலையமைப்புக்குப் பொருந்தாது. ஐரோப்பியருக்கே அப்படியென்றால் நமது பெக்கேஜ் மட்டும் எப்படிப் பொருந்தும்?

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கடலில் ஒரு எம்பி டேட்டாவுக்கு 10 டொலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். போன் கெமராவில் எடுத்த ஒரு படம் 3, 4 எம்பி வரும். நீங்கள் யாருக்கும் அனுப்பாவிட்டாலும், அது தானாகவே இன்டர்நெட் சேமிப்புக்கு ஏறும்படி போன் அமைக்கப்பட்டிருக்கலாம். ஒரு படத்துக்கு 30, 40 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 9 ஆயிரம் முதல் 12 ஆயிரம் ரூபா. நீங்கள் இரவுச் சாப்பாட்டில் இருக்கும்போது போன் பையிலிருந்தே இந்த வியாபாரத்தைச் செய்துவிடும். கடன் எல்லை இருக்கிறது, அதற்கு மேல் போகாது என்றும் நம்பியிருக்க வேண்டாம். வெளி வலையமைப்பிலிருந்து கணக்கு வந்து சேர நேரம் எடுக்கலாம். அதற்குள் எல்லை தாண்டியிருக்கும்.

கடல் வழிப் பேச்சு என்றைக்கும் மலிவாக இருந்ததில்லை. 1912 இல் 'டைட்டானிக்' கப்பலில் பயணிகள் மார்க்கோனி கருவி மூலம் கரைக்குத் தந்தி அனுப்பினார்கள். முதல் 10 சொற்களுக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ், அதற்கு மேல் சொல்லுக்கு 9 பென்ஸ். அன்றைய பணத்தில் அது பெரிய தொகை. அப்படியிருந்தும் தந்திகள் குவிந்து கிடந்தன. விபத்து நடந்த இரவு, பக்கத்தில் நின்ற 'கலிபோர்னியன்' கப்பல் பனிக்கட்டி பற்றிச் சொல்ல வந்தபோது, பயணிகளின் தந்திகளை அனுப்பும் அவசரத்தில் இருந்த டைட்டானிக் ஊழியர் அந்தச் செய்தியை இடைமறித்துப் பேசாதிருக்கச் சொன்னார். கப்பலில் போகிறவனுக்கும் கரையோடு பேசும் ஆசை விடாது என்பது அன்றே தெரிந்த விசயம்.

இரண்டாம் பயணம்: திரும்பி வந்த செக்

94 ஆயிரம் கொடுத்தவன் அடுத்த முறை என்ன செய்வான்? 2023 டிசம்பரில் மீண்டும் கப்பலேறியபோது போனையே அணைத்துப் பெட்டியில் போட்டேன். கப்பலில் வைபை இருந்தது. அதற்கும் காசு கேட்டார்கள். "வேண்டாம், நான்கு நாள் நிம்மதியாக இருப்போம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

எனக்கு இருபது வருடங்களுக்கு மேலாகச் சரக்குத் தரும் மொத்த வியாபாரி ஒருவருக்குத் திகதியிட்ட செக் ஒன்று கொடுத்திருந்தேன். அது வங்கிக்கு வரும் நாள் நான் கடலில் இருந்த நாள். கணக்கில் போதிய பணம் இருக்கும் என்று போட்டு வைத்த கணக்கு சரிதான். ஆனால் நான் புறப்பட்ட பின், குருநாகல் வாடிக்கையாளர் ஒருவர் எனக்குத் தந்த செக் திரும்பிவிட்டது. என் கணக்கில் நான்கு இலட்சம் குறைந்தது.

காசோலையின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறை 2006 இல் நம் நாட்டுக்கு வந்தது. அதன் பின் செக் விசயத்தில் நாட்கணக்கான அவகாசம் இல்லை. இன்று போட்டால் நாளைக்கு முடிவு. வங்கியில் எங்கள் கணக்கைப் பார்க்கும் தம்பி நல்லவர். காலையில் மூன்று முறை எனக்கு அழைத்திருக்கிறார். போன் பெட்டிக்குள் கிடந்தது. வங்கியிடம் இருந்தது என் ஒரே இலக்கம் மட்டும். அன்று காலை கடையின் இரும்புப் பெட்டியில் ஒன்பது இலட்சம் ரூபா காசாக இருந்தது. வங்கி எங்கள் கடையிலிருந்து நூறு யார் தூரம். மகனுக்கு விசயம் தெரிந்திருந்தால் பத்து நிமிட வேலை. அவருக்குத் தெரியவில்லை. செக் திரும்பியது.

ஊர் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பெரியவரிடம் காசோடு போனேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, காசு வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் திரும்பின செக்கை என் கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டான், பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள்" என்றார். அடுத்த சரக்குக்கு அவருடைய மகன் ரொக்கம் கேட்டார். பழைய கடன் தவணை திரும்பக் கிடைக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. 94 ஆயிரத்தை ஒரு மாதத்தில் மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் யோசித்தேன். முதல் முறை கடையை விட்டுப் பிரிய மாட்டேன் என்று போனைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் முறை கடையை யாரிடமும் கொடுக்காமல் போனை விட்டுவிட்டேன். இரண்டு முறையும் பிழை ஒன்றுதான். கடையின் சாவி மகனிடம் இருந்தது. கடையின் அதிகாரம் என் சட்டைப் பையில் இருந்தது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

முதலாவது, வங்கிக்கு இரண்டாவது இலக்கம் ஒன்றை எழுதிக் கொடுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் யாருக்கு அழைக்க வேண்டும் என்பதை முகாமையாளரிடமும் நேரில் சொல்லுங்கள். இது காசு செலவில்லாத வேலை. எனக்கு இருபது வருட நாணயத்தைக் காப்பாற்றியிருக்கும்.

இரண்டாவது, அந்த நாட்களில் வங்கிக்கு வரவிருக்கும் உங்கள் செக்குகளை ஒரு தாளில் திகதிப்படி எழுதி மகனிடமோ கெஷியரிடமோ கொடுங்கள். வர வேண்டிய செக்குகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அவற்றில் ஒன்று திரும்பினாலும் தாங்கும்படி கணக்கில் பணம் விட்டுப் போங்கள்.

மூன்றாவது, எவ்வளவு தொகை வரை மகன் தானே முடிவெடுக்கலாம், எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "கேட்டுச் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போகக்கூடாது.

நான்காவது, நாட்டில் இருக்கும்போதே உங்கள் அழைப்புகள் அனைத்தையும் கடை இலக்கத்துக்குத் திருப்பிவிடலாம். பொதுவாக **21* என்று அடித்து, கடை இலக்கத்தைப் போட்டு, # அடித்து அழைத்தால் போதும். ரத்துச் செய்ய ##21#. இப்படி முழுமையாகத் திருப்பினால் அழைப்பு உங்களைத் தேடி வெளிநாடு வராது. இங்கேயே கடைக்குப் போய்விடும். அதற்கான உள்ளூர்க் கட்டணம் எவ்வளவு என்பதை உங்கள் தொலைபேசிக் கம்பனியிடம் கேட்டு வையுங்கள்.

ஐந்தாவது, கப்பலின் பெயர், கபின் இலக்கம், கப்பல் கம்பனியின் அவசரத் தொலைபேசி இலக்கம் மூன்றையும் வீட்டில் எழுதி வைத்துப் போங்கள். 2023 இல் நான் எந்தக் கப்பலில் இருக்கிறேன் என்பதே என் மகனுக்குத் தெரியாது. உண்மையான அவசரம் வந்தால் கரையிலிருந்து கப்பலுக்குச் சொல்ல வழி உண்டு.

கப்பலில் ஏறிய பின்

கப்பல் கரையை விட்டு நகரும் முன்பே போனை 'எயார்பிளேன் மோட்' இல் போடுங்கள். டேட்டா ரோமிங்கை நிறுத்தினால் மட்டும் போதாது. அழைப்பு வரும், எடுத்தால் காசு. எயார்பிளேன் மோட்டில் போட்ட பின் வைபையை மட்டும் தனியாகத் திறக்கலாம்.

கப்பலின் வைபைக்குக் காசு கொடுக்கத் தயங்காதீர்கள். நாளொன்றுக்கு ஒரு போனுக்கு 20 டொலர் அளவில் வரும். கப்பலுக்குக் கப்பல் மாறுபடும். முன்கூட்டியே வாங்கினால் பெரும்பாலும் குறைவு. எவ்வளவு பாவித்தாலும் தொகை முன்னரே தெரியும் என்பதுதான் இதில் வியாபாரிக்குப் பிடித்த விசயம். குடும்பத்துக்கு ஒரு போனுக்கு வாங்கினால் போதும். சிம்மை நிறுத்தி வைத்தாலும் வைபையில் உங்கள் பழைய இலக்கத்திலேயே வட்ஸ்அப் வேலை செய்யும்.

முன்பு கப்பல் வைபை என்றால் நொந்துபோவோம். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 'ரோயல் கரிபியன்' கம்பனி 2022 ஓகஸ்டில் தன் கப்பல்களுக்கு ஸ்டார்லிங்க் இணைப்புப் பெறுவதாக அறிவித்தது. ஸ்டார்லிங்க் செய்மதிகள் 550 கிலோமீற்றர் அளவிலான உயரத்தில்தான் சுற்றுகின்றன. 36 ஆயிரத்தோடு ஒப்பிட்டால் பக்கத்து வீடு மாதிரி. ஆகவே பேச்சும் தாமதமில்லாமல் போகிறது. ஆனால் இது வைபைக்கு மட்டும். "இந்தக் கப்பலில் ஸ்டார்லிங்க் இருக்கிறதாமே" என்று சிம்மைத் திறந்துவிடாதீர்கள். 901 இன் கட்டணம் வேறு, வைபையின் கட்டணம் வேறு.

வங்கியின் ஓ.டீ.பீ. இலக்கம் எஸ்.எம்.எஸ். ஆக வருவது. எயார்பிளேன் மோட்டில் அது பொதுவாக வராது. ஆகவே பணம் அனுப்பும் வேலைகளைப் புறப்படும் முன் முடியுங்கள், அல்லது துறைமுகத்தில் இறங்கிக் கரையின் சிக்னல் கிடைத்த பிறகு செய்யுங்கள். கரையில் இறங்கினாலும் திரையில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நீரிணையில் இந்தோனேசியச் சிக்னல் வந்து விழுவது சகஜம். உங்கள் பெக்கேஜில் இந்தோனேசியா இல்லாவிட்டால் அதுவும் ஒரு செலவு. வலையமைப்பைத் தானாகத் தெரிவுசெய்ய விடாமல் நீங்களே தெரிவுசெய்வது நல்லது.

இன்னொன்று. புக்கெட் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தால், கரையில் உங்கள் போன் நான்கு மணி காட்டும்போது கப்பலில் ஐந்து மணி. ஐந்துக்குப் புறப்படும் கப்பல் உங்கள் போனைப் பார்த்துக் காத்து நிற்காது. கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு சிங்கப்பூருக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். இங்கே வங்கி ஒன்பது மணிக்குத் திறக்கும்போது கப்பலில் பதினொன்றரை.

மூன்றாம் பயணம்

2025 இல் மூன்றாம் முறை போனேன். செக் பட்டியலை எழுதிக் கொடுத்தேன். வங்கியில் மகனின் இலக்கத்தைப் பதிந்தேன். அழைப்புகளைக் கடைக்குத் திருப்பினேன். கப்பலில் வைபை வாங்கி, ஒவ்வொரு நாளும் பதினொன்றரை மணிக்குக் கால் மணித்தியாலம் மட்டும் வட்ஸ்அப்பைத் திறந்தேன். முதல் நாள் இரண்டு செய்தி இருந்தது. இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டமாகவும் இருந்தது.

திரும்பி வந்து கணக்கைப் பார்த்தபோது, நான் கடலில் இருந்த இரண்டாம் நாள் மீண்டும் ஒரு வாடிக்கையாளரின் செக் திரும்பியிருந்தது தெரிந்தது. வங்கியிலிருந்து மகனுக்கு அழைத்திருக்கிறார்கள். அவர் கடைக்காசில் குறைந்ததைப் போட்டு எங்கள் செக்கைக் காப்பாற்றியிருக்கிறார். "ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அந்த அளவு தொகைக்கு நீங்களே முடிவெடுக்கச் சொன்னீர்கள்தானே வாப்பா" என்றார்.

புறக்கோட்டை நண்பருக்கு இதைச் சொல்லி முடித்ததும், அவர் சட்டைப் பையிலிருந்த போனை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். பிறகு உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டார். "இங்கே வா மகன். செக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா" என்றார். கப்பல் புறப்பட அவருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த வேலைக்கு அது போதும்.